மன்னார்ல காத்தாடி, யாழ்ப்பாணத்துல சோலார்: வெளிநாட்டு மின்சார பிசினஸ்ல உங்க சேமிப்பைப் போடலாமா?



தென்காசி பக்கம் ஐ.டி. வேலை பார்க்கிற 12 பேர் சேர்ந்து எனக்கு ஒரு பிளான் அனுப்பியிருந்தாங்க. ஆளுக்கு 5 லட்சம், மொத்தம் 60 லட்சம். அதுல ஒருத்தரோட சொந்தக்காரர் யாழ்ப்பாணத்துல இருக்கார். அங்க ஒரு கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணி, லாட்ஜ், கல்யாண மண்டபம் மாதிரி இடங்கள்ல மொட்டை மாடியை வாடகைக்கு எடுத்து சோலார் போடணும், வர்ற கரண்டை இலங்கை மின்சார சபைக்கு விக்கணும். கூடவே அழகா ஒரு எக்ஸெல் ஷீட். நாலரை வருஷத்துல போட்ட முதல் திரும்பிடும்னு கணக்கு. "சார், ரூல்ஸ்படி இதைப் பண்ணலாமா?"ங்கிறதுதான் கேள்வி. பேர் போடாம எழுதிக்கலாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. இதே மாதிரி துபாய், கென்யா, வியட்நாம்னு வேற பிளான்களும் என்கிட்ட வருது. அதனால எல்லாருக்கும் சேர்த்தே பதில் சொல்றேன்.

ரூல்ஸ்படி பண்ணலாம். ஆனா நான் பண்ண மாட்டேன். ரூல்ஸைக் கீழ சொல்றேன், அதுக்கு முன்னாடி அந்த ஷீட்டைப் பத்திப் பேசணும். வெயில் எத்தனை மணி நேரம், பேனல் வருஷத்துக்கு எவ்வளவு திறன் இழக்கும், இன்வர்ட்டர் எப்ப மாத்தணும்னு இருபது வரிக்கு மேல கணக்கு இருக்கு. கரண்டை வாங்கப் போற மின்சார சபைக்கு ஒரே ஒரு கட்டம். அதுல ஒரு ரேட், 20 வருஷத்துக்கும் அதே ரேட். என்னோட பயமெல்லாம் அந்த ஒரு கட்டத்துலதான்.

இட்லி கடை வெச்சா ஆயிரம் பேர் வாங்குவாங்க. ஒருத்தர் கோவிச்சுக்கிட்டா இன்னொருத்தர் வருவார். ஆனா கரண்ட் உற்பத்தி பண்ணி கிரிட்ல விடுற பிசினஸ்ல பெரும்பாலான நாடுகள்ல வாங்குறது ஒரே ஆள்தான், அதுவும் அரசாங்கத்தோட ஆள். அவர்தான் ரேட் போடுவார், லைன் கொடுப்பார், வேண்டாம்னா ஸ்விட்சையும் ஆஃப் பண்ணுவார். அவருக்கு மேல ஒரு அமைச்சர், அந்த அமைச்சருக்கு மேல ஒரு தேர்தல். நீங்க அந்த ஊர்ல ஓட்டு இல்லாத ஆள்.

நம்ம ஊருக்கு நேர் கிழக்கே

மேப்பை எடுத்து தென்காசில இருந்து நேர் கிழக்கே ஒரு கோடு போடுங்க. கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல கடலுக்குள்ள இறங்கி, ஏறக்குறைய 280 கிலோமீட்டர் தள்ளி மன்னார் தீவுல போய் முட்டும். ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. ஜூன், ஜூலைல செங்கோட்டைக் கணவாய் வழியா வந்து குற்றாலத்துல சாரலோட நம்ம முகத்துல அடிக்குதே ஒரு காத்து, அதேதான் சுரண்டை, ஆய்க்குடி பக்கம் காத்தாடிகளைச் சுத்த வைக்குது. அந்தத் தென்மேற்குப் பருவக்காத்துதான் அங்க மன்னார்லயும் பலமா அடிக்குது. இலங்கை மின்சார சபையே அங்க 30 காத்தாடிகளோட 103.5 மெகாவாட்ல தம்பபவனின்னு ஒரு காற்றாலைப் பண்ணை வெச்சிருக்கு. ஆசிய வளர்ச்சி வங்கி கடன்ல கட்டி 2020 டிசம்பர்ல திறந்தாங்க. அதாவது, அங்க காத்து இருக்கான்னு யாருக்கும் சந்தேகமே கிடையாது.

அந்தக் காத்தை நம்பித்தான் அதானி கிரீன் போனது. மன்னார்ல 250, பூநகரில 234, மொத்தம் 484 மெகாவாட். 2022 மார்ச்ல ஒப்பந்தம். 2023 பிப்ரவரில இலங்கை முதலீட்டுச் சபை 44.2 கோடி டாலர் முதலீட்டுக்கு அனுமதி கொடுத்துச்சு. 2024 மே மாசம், ஒரு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் வீதம் 20 வருஷத்துக்கு வாங்கிக்கிறோம்னு அமைச்சரவை ஒப்புதல். ரேட்டும் டாலர்ல. ஒரு முதலீட்டாளர் இதுக்கு மேல என்ன கேட்க முடியும்?

2024 செப்டம்பர்ல ஜனாதிபதித் தேர்தல். அனுர குமார திசாநாயக்க ஜெயிச்சார். இந்த ஒப்பந்தத்தை ரத்து பண்ணுவேன்னு பிரசாரத்துலயே சொன்னவர். சில மாசத்துல புது அரசாங்கம் அந்த ரேட்டுக்கான ஒப்புதலை வாபஸ் வாங்கி, மறுபடி பேசலாம்னு கமிட்டி போட்டுச்சு. 2025 பிப்ரவரில அதானி கிரீன் மரியாதையா ஒரு கடிதம் எழுதிட்டு திட்டத்தை விட்டு வெளியே வந்துடுச்சு. அதுவரைக்கும் ஆரம்ப வேலைகளுக்கு சுமார் 50 லட்சம் டாலர் செலவு. அவங்க பேலன்ஸ் ஷீட்ல அது ஒரு கொசுக்கடி. நம்ம 12 பேருக்கு அந்த 60 லட்ச ரூபாதான் பேலன்ஸ் ஷீட்டே.

இதைக் கேட்டதும் "பாருங்க சார், ஏமாத்திட்டாங்க"ன்னு சிலர் சொல்றாங்க. நான் அப்படிப் பார்க்கல. இந்தத் திட்டம் டெண்டர் இல்லாம கொடுக்கப்பட்டது. 2022 ஜூன்ல மின்சார சபையோட தலைவரே பாராளுமன்றக் குழு முன்னாடி, இந்தியப் பிரதமர்கிட்ட இருந்து அழுத்தம் இருக்குன்னு ஜனாதிபதி தன்கிட்ட சொன்னதா சாட்சி சொல்லி, ஜனாதிபதி மறுத்ததும் அந்தப் பேச்சை வாபஸ் வாங்கி, ரெண்டு மூணு நாள்ல ராஜினாமா பண்ணினார். வலசை வர்ற பறவைகளோட பாதையில காத்தாடி நடுறாங்கன்னு சூழலியலாளர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. மன்னார் மீனவர்களுக்கும் அவங்க பக்கத்து நியாயம் இருக்கு. பணவிஷயத்துல பார்த்தா, பின்னாடி அதே மன்னார்ல 50 மெகாவாட்டுக்கு டெண்டர் வெச்சப்போ ஒரு உள்ளூர் கம்பெனி 4.65 சென்ட்டுக்குக் கொடுக்க முன்வந்துச்சு. கடன் கட்ட முடியாம 2022ல கையை விரிச்ச ஒரு நாடு, 8.26 சென்ட்டை டாலர்ல 20 வருஷம் கொடுக்கணுமான்னு கேக்குறதுல தப்பு சொல்ல முடியல. நானே அந்த ஊர்ல கரண்ட் பில் கட்டுறவனா இருந்தா கேட்டிருப்பேன்.

முதலீடு பண்றவர் இதுல பார்க்க வேண்டியது வேற. போட்டி இல்லாம, ஆள் பழக்கத்துல கிடைச்ச நல்ல ரேட், அந்த ஆள் பதவில இருக்கிற வரைக்கும்தான். நம்ம 12 பேர் ஷீட்லயும் "அங்க ஆபீஸ்ல தெரிஞ்சவங்க இருக்காங்க"ன்னு ஒரு குறிப்பு இருந்துச்சு. பலம்னு நினைச்சு எழுதியிருக்காங்க. நான் அதைச் சிவப்புல வட்டம் போட்டேன்.

ரேட் மாறல, ரூபா மாறிடுச்சு

சரி, அரசாங்கம் சொன்ன சொல்லை அப்படியே காப்பாத்துதுன்னே வெச்சுக்குவோம். 2016ல இலங்கைல கூரை சோலாருக்கு 'சூரியபல சங்கிராமய'ன்னு ஒரு திட்டம் வந்துச்சு. அதுல ஒரு வகைல யூனிட்டுக்கு முதல் 7 வருஷம் இலங்கை ரூபா 22, அப்புறம் 15.50. மொத்தம் 20 வருஷ ஒப்பந்தம். 2016ல ஒரு டாலர் அங்க சுமார் 146 ரூபா. நம்ம காசுக்கு அந்த 22 ரூபா ஏறக்குறைய 10 ரூபா. செம ரேட்.

2022ல அந்த நாட்டுப் பொருளாதாரம் உட்கார்ந்ததும் டாலர் 360 வரைக்கும் போச்சு. 22 ரூபா அதே 22 ரூபாதான். ஒரு பைசா குறைக்கல, ஒப்பந்தத்தை யாரும் மீறல. ஆனா நம்ம காசுக்கு அது 5 ரூபாய்க்கும் கீழ வந்துடுச்சு. பேனல், இன்வர்ட்டர் எல்லாம் டாலர் விலைல இறக்குமதி பண்ணது. வருமானம் மட்டும் உள்ளூர் ரூபா. யாழ்ப்பாணத்துல குடியிருக்கிறவருக்கு இது பெரிய அடி இல்ல. அவர் சம்பாதிக்கிறதும் செலவழிக்கிறதும் அதே ரூபா. கடையநல்லூர்ல ஹோம் லோன் இ.எம்.ஐ. கட்டிக்கிட்டு அங்க காசு போட்டவருக்கு வருமானம் பாதி. ஒரே கூரை, ஒரே பேனல்.

உங்க எக்ஸெல்ல ஒரு வரி சேருங்க: "அந்த நாட்டு ரூபா மதிப்பு வருஷத்துக்கு 5 சதவீதம் இறங்குது." அப்புறம் அந்த நாலரை வருஷம் என்ன ஆகுதுன்னு பாருங்க.

இன்னொரு விஷயமும் இருக்கு, வாங்குறவர் "இப்ப வேணாம்"னு சொல்றது. 2025 பிப்ரவரி 9ம் தேதி இலங்கை முழுக்க கரண்ட் போச்சு. பாணந்துறை துணை மின் நிலையத்துல ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம்னு சொன்னாங்க. உலகமே சிரிச்சது, ஆனா விஷயம் சீரியஸ். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கரண்ட் தேவை கம்மி, சோலார் உற்பத்தி உச்சம், கிரிட் பலவீனமா இருந்துச்சு. அதுக்கப்புறம் வந்த சித்திரைப் புத்தாண்டு லீவுல, கூரை சோலாரைப் பகல்ல ஆஃப் பண்ணி வைங்கன்னு வீட்டுக்காரங்ககிட்டயே மின்சார சபை கேட்டுக்கிச்சு. ஆஃப்ல இருக்கிற பேனலுக்கு வருமானம் கிடையாது. இதுக்கு நடுவுல, 2024ல நிறைவேறின புதுச் சட்டப்படி அந்தச் சபையையே பல கம்பெனிகளா பிரிக்கிறாங்க. நீங்க கையெழுத்து வாங்குற பேர் 20 வருஷம் அதே பேரா இருக்காது.

இலங்கை மட்டும்தான் இப்படின்னு நினைச்சுடாதீங்க. ஸ்பெயின் 2007ல சோலாருக்கு அள்ளிக் கொடுத்துச்சு. நம்பி சேமிப்பைப் போட்ட ஆயிரக்கணக்கான சாதாரணக் குடும்பங்கள் இருந்தாங்க. 2010ல இருந்து வெட்ட ஆரம்பிச்சு 2013ல பழைய ரேட் முறையையே எடுத்துட்டாங்க, ஏற்கெனவே கட்டினவங்களுக்கும் சேர்த்து. பெரிய வெளிநாட்டு கம்பெனிகள் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய்ப் பல வழக்குல ஜெயிச்சாங்க, ஆனா பணத்தை வசூல் பண்ண இன்னும் கோர்ட் கோர்ட்டா அலையுறாங்க. அந்த வழி உங்களுக்கு இருக்குன்னும் எண்ணாதீங்க. இந்தியா பழைய முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள்ல பெரும்பாலானதை 2016, 2017 வாக்குல முடிச்சுக்கிச்சு. நம்ம ஆந்திராவுலயே 2019ல ஆட்சி மாறினதும் காற்றாலை, சோலார் ஒப்பந்த ரேட்டைத் திரும்பப் பேசணும்னு கமிட்டி போட்டாங்க. ஹைகோர்ட் கம்பெனிகள் பக்கம் தீர்ப்பு சொல்ல 2022 ஆச்சு. மூணு வருஷம் தாங்குற சக்தி யாருக்கு இருக்கோ அவங்கதான் இந்த ஆட்டத்துல உட்காரணும்.

நம்ம ஊர்க் காத்தாடிகளுக்கும் இதே கதைதான், கொஞ்சம் சந்தோஷமான கதை. 1986ல தூத்துக்குடி முள்ளக்காட்டுல ஆரம்பிச்சு, டென்மார்க் உதவியோட கயத்தாறு, முப்பந்தல்னு பரவினது. 90கள்ல இத்தனை மில் முதலாளிகள் காத்தாடி வாங்கினதுக்குக் காத்து மட்டும் காரணம் இல்ல. வாங்கின முதல் வருஷமே 100 சதவீதம் தேய்மானம் கழிச்சுக்கலாம்ங்கிற வருமான வரிச் சலுகைதான் பெரிய காரணம். அது அப்புறம் 80 ஆச்சு, 2012ல எடுத்தாங்க, 2014ல திருப்பிக் கொடுத்தாங்க, 2017ல இருந்து 40. மின்வாரியம் பணம் தர மாசக்கணக்கா, சில சமயம் ஒரு வருஷத்தையும் தாண்டி இழுத்ததும் உண்டு. மில்காரர் தாங்கினார். ஏன்னா அவருக்கு மில் இருந்துச்சு, அந்தக் கரண்டைத் தன் மில்லுக்கே எடுத்துக்கவும் முடிஞ்சது. வாங்குறவரும் அவரே, விக்கிறவரும் அவரே.

சரி, ரூல்ஸ்

ரிசர்வ் வங்கியோட எல்.ஆர்.எஸ். திட்டத்துல ஒருத்தர் ஒரு நிதியாண்டுல 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். 2022 ஆகஸ்ட்ல வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள்படி, லிஸ்ட் ஆகாத வெளிநாட்டு கம்பெனில ஒரே ஒரு ஷேர் வாங்கினாலும் அது 'நேரடி முதலீடு'. பேங்க் மூலமா படிவம் எஃப்.சி. கொடுத்து, தனி அடையாள எண் வாங்கிட்டுத்தான் பணம் போகணும். உண்டியல், "மச்சான் அங்க கொடுத்துடுவான், இங்க நான் கொடுத்துடறேன்" எல்லாம் கூடவே கூடாது. அது ஃபெமா மீறல், பின்னாடி லாபம் வந்தாலும் சட்டப்படி உள்ள கொண்டு வர முடியாது. ஷேர் கிடைச்சதுக்கான ஆதாரம் 6 மாசத்துல பேங்குக்குப் போகணும். தனிநபரா இருந்தா ஈக்விட்டிதான் போட முடியும். அந்த கம்பெனிக்குக் கடன் கொடுக்க முடியாது. உங்க கட்டுப்பாட்டுல இருக்கிற அந்த கம்பெனிக்குக் கீழ இன்னொரு கம்பெனியும் ஆரம்பிக்க முடியாது.

"எல்லார் பணத்தையும் என் அக்கவுன்ட்ல போடுங்க, நான் மொத்தமா அனுப்பிடறேன்"னு குரூப்ல ஒருத்தர் கண்டிப்பா சொல்வார். வேண்டாம். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பான் நம்பர்ல, அவங்கவங்க அக்கவுன்ட்ல இருந்து அனுப்பி, அவங்க பேர்ல ஷேர் வாங்கணும். வரியிலயும் வித்தியாசம் இருக்கு. ஆளுக்கு 5 லட்சம் அனுப்பினா டி.சி.எஸ். கிடையாது, வரம்பு 10 லட்சம். ஒருத்தரே 60 லட்சம் அனுப்பினா, 10 லட்சத்துக்கு மேல இருக்கிற 50 லட்சத்துக்கு 20 சதவீதம், 10 லட்ச ரூபாயை பேங்க் பிடிச்சுக்கும். ரிட்டர்ன்ல திரும்ப வரும், இல்ல கம்பெனில சொல்லி சம்பள டி.டி.எஸ்ல சரிக்கட்டலாம். ஆனா அதுவரைக்கும் அந்த 10 லட்சம் முடங்கும்.

பர்சனல் லோன் போட்டு ஷேர் எடுக்கலாம்னு ரெண்டு பேர் எழுதியிருந்தாங்க. இந்த மாதிரி முதலீட்டுக்காக வெளியே அனுப்ப பேங்க் கடன் கொடுக்கவே கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. 'வீட்டு ரிப்பேர்'னு சொல்லி லோன் வாங்கி அனுப்பினா நீங்க பேங்க்கிட்ட பொய் சொன்ன ஆள் ஆயிடுவீங்க.

வருஷா வருஷம் டிசம்பர் 31க்குள்ள அந்த கம்பெனியோட செயல்பாட்டு அறிக்கை கொடுக்கணும். பத்து சதவீதத்துக்குக் கீழ, கட்டுப்பாடு இல்லாம வெச்சிருந்தா விலக்கு உண்டு. 12 பேருக்குச் சமமா பிரிச்சா ஆளுக்கு 8.33தான், ஆனா எல்லாரும் பேசி வெச்சு சேர்ந்து முடிவெடுத்தா "சேர்ந்து செயல்படுறவங்க"ங்கிற கேள்வி வரும். நான் உங்க ஆடிட்டரா இருந்தா அறிக்கையைக் கொடுத்துடுங்கன்னுதான் சொல்வேன்.

அங்க நிலம் வாங்கிப் போடலாம்னும் ஒரு யோசனை இருந்துச்சு. 2014ல வந்த இலங்கைச் சட்டப்படி வெளிநாட்டுக்காரருக்கோ, 50 சதவீதமோ அதுக்கு மேலயோ வெளிநாட்டுப் பங்கு இருக்கிற கம்பெனிக்கோ நிலத்தை விக்க முடியாது, குத்தகைக்குத்தான். "சொந்தக்காரர் பேர்ல வாங்கிக்கலாம்"னா, நாளைக்கு அந்தச் சொந்தக்காரர் நல்லா இருக்கணும்னு தினம் குற்றாலநாதரை வேண்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

உங்க ஆஃபர் லெட்டரையும் எடுத்துப் படிங்க. வேற கம்பெனில டைரக்டரா இருக்கக் கூடாதுன்னு நிறைய ஐ.டி. கம்பெனிகள் போட்டிருக்கும். இந்த லாபத்துக்காக அந்தச் சம்பளத்தை இழக்கிறது எந்தக் கணக்குலயும் சேராது.

நான் என்ன பண்ணுவேன்

காத்தும் வெயிலும் மேல நம்பிக்கை இருந்தா, லிஸ்ட் ஆன கம்பெனி ஷேர் வாங்குங்க. பிடிக்கலைன்னா மறுநாள் காலைல விக்கலாம். மொட்டை மாடி குத்தகையை அப்படி விக்க முடியாது. அதுக்காக ஷேர்னா ரிஸ்க் இல்லைன்னு அர்த்தம் இல்ல. உங்கள்ல நிறைய பேர் டீமேட்ல இருக்கிற சுஸ்லானையே எடுத்துக்கோங்க. 2006ல பெல்ஜியத்தோட ஹேன்சன், 2007ல ஜெர்மனியோட ரீபவர்னு கடன் வாங்கி வெளிநாட்டு கம்பெனிகளை வளைச்சாங்க. 2012ல 20 கோடி டாலருக்கு மேல வெளிநாட்டுக் கடன் பத்திரத்தைத் திருப்பித் தர முடியல. 2015ல சென்வியான்னு பேர் மாறியிருந்த ரீபவரை 100 கோடி யூரோவுக்கு வித்துட்டு வந்தாங்க. 2008ல 400 ரூபாயைத் தாண்டின ஷேர் 2020ல 2 ரூபாய்க்குக் கீழ. வெளிநாட்டு மின்சார பிசினஸ்ல மாட்டினது அனுபவம் இல்லாத ஆளுங்க மட்டும் இல்ல.

வெளிநாட்டுல தொழில்தான் பண்ணணும்னா, கரண்டை விக்காம வேலையை வித்துப் பாருங்க. இந்த 12 பேரும் சாஃப்ட்வேர் ஆளுங்க. சோலார் டிசைன், உற்பத்தியைக் கண்காணிக்கிற ஆப், பழுது எங்கன்னு கண்டுபிடிக்கிற டேஷ்போர்டு, இதையெல்லாம் மேலகரத்துல உட்கார்ந்தே யாழ்ப்பாணத்துல சோலார் போடுற கம்பெனிகளுக்குச் செஞ்சு கொடுக்கலாம், டாலர்ல பில் போடலாம். முதல் கம்மி, நேரடி முதலீட்டு படிவம் எதுவும் தேவையில்ல, வாங்குறவரும் ஒருத்தர் இல்ல. பிடிக்காத வாடிக்கையாளரை விட்டுட்டு அடுத்தவரைப் பிடிக்கலாம். ஆபீஸ் அனுமதி மட்டும் எழுத்துல வாங்கிக்கோங்க.

இதுக்கப்புறமும் "இல்ல சார், போட்டே தீருவோம்"னா, மின்சார சபையோட ஒப்பந்த மாதிரி, கூரைக் குத்தகை மாதிரி, ஏற்கெனவே அங்க சோலார் போட்டவர் ஒருத்தரோட கடைசி 24 மாச வரவு பேங்க் ஸ்டேட்மென்ட் மூணையும் எனக்கு அனுப்புங்க. எக்ஸெல் வேணாம்.

ஏற்கெனவே அனுப்பிட்டவங்களுக்கு: ரிட்டர்ன்ல ஐ.டி.ஆர். 1 போடாதீங்க. வெளிநாட்டுச் சொத்து அட்டவணை இருக்கிற படிவம்தான் போடணும், அந்த கம்பெனி நஷ்டத்துல இருந்தாலும், ஒரு ரூபா வருமானம் வரலைன்னாலும் காட்டணும். காட்டாம விட்டா கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் அபராதம். மொத்த வெளிநாட்டுச் சொத்து, நிலம், வீடு தவிர, 20 லட்சத்தைத் தாண்டலைன்னா 2024 அக்டோபர்ல இருந்து அந்த அபராதத்துக்கு விலக்கு இருக்கு. ஆனா உங்க கம்பெனி கொடுத்த அமெரிக்க ஷேர்களும் அந்த 20 லட்சத்துல சேரும்ங்கிறதை மறந்துடாதீங்க. இன்னொண்ணு, அந்த அட்டவணை ஏப்ரல்–மார்ச் கணக்கு இல்ல, ஜனவரி–டிசம்பர். பிப்ரவரில பணம் அனுப்பியிருந்தா, அது இந்த வருஷ ரிட்டர்ன்ல வராது, அடுத்த வருஷ ரிட்டர்ன்லதான் வரும். அதை எப்படி நிரப்புறதுன்னு ஸ்கிரீன்ல காட்டியே அடுத்த வீடியோ போடுறேன்.